கடைவாசலில் நின்ற சாவு

முன்னொரு நாள், நேற்றாகக்கூட இருக்கலாம், தூக்கமும் அம்மையும் சாவும் ஓர் ஊரின் எல்லையில், ஆலமர நிழலில் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. மூன்றுக்கும் வீடு வீடாய்ப் போகிற வேலை. வழியில் சந்தித்தால் கொஞ்சம் காலாறிவிட்டுப் போவது வழக்கம்.

அம்மை அன்று நல்ல குஷியில் இருந்தாள்.

"நேத்து ஒரு வீட்டுக்குப் போனேன். நுழைஞ்சதுமே 'ஆத்தா வந்துட்டா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. வாசல்ல வேப்பிலை கட்டினாங்க. இளநீர், மோர், பானகம்னு ஒரே உபசாரம்! அந்தப் பிள்ளை உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு வச்சிருக்கேன். என்னை ஒரு வார்த்தை திட்டணுமே? ம்ஹூம்."

தூக்கம் ஒரு கொட்டாவி விட்டது. "எனக்கு அவ்வளவு தடபுடல் இல்ல. ஆனாலும் தொட்டில் கட்டி, பாட்டுப் பாடிக் கூப்பிடுறாங்க. புரண்டு புரண்டு படுத்து, வரமாட்டேங்குதேன்னு எனக்காக ஏங்குறவங்க எத்தனை பேரு!"

பிறகு இரண்டும் சாவைப் பார்த்தன. சாவு விரலால் மண்ணில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"உன்னையும்தான் கூப்பிடுறாங்களே," என்றது தூக்கம், ஆறுதலாக இருக்கட்டும் என்று. "எனக்கொரு சாவு வரமாட்டேங்குதேன்னு எத்தனை பேர் புலம்பி நானே கேட்டிருக்கேன்."

"அது என்னை வரச் சொல்றதில்ல," என்றது சாவு. "வலியைப் போகச் சொல்றது. நான் போய் நின்னதும் பாரு, கட்டில் சட்டத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குவாங்க."

தூக்கத்துக்கு ஒரு குழந்தை காத்திருந்தது. அம்மைக்கு ஒரு வேப்பிலைப் பந்தல் காத்திருந்தது. இரண்டும் எழுந்து போய்விட்டன.

சாவைப் பற்றி ஊரில் இருக்கிற கதைகளைக் கேட்டால் அதற்கே சிரிப்பு வரும். எருமைமேல் ஏறி வருமாம். கையில் கயிறு இருக்குமாம். கடாமீசை வேறு. ஒருமுறை ஒரு கோயில் திருவிழாக் கூத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அது தன் வேஷத்தையே பார்த்தது. முகத்தில் கறுப்பு மை, வாயில் தகரப் பல். முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்தார்கள். அதற்கு மனசு விட்டுப்போயிற்று.

உண்மையில் அதனிடம் எருமையும் இல்லை, கயிறும் இல்லை. பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கிய மறுநிமிடமே முகம் மறந்துபோகும் ஒரு நடுவயசுக்காரர் இருப்பாரே, அப்படித்தான் இருக்கும். வெளுத்த சட்டை, கையில் ஒரு மஞ்சப்பை. கண்ணில் படும், மனசில் தங்காது.

அதற்கு உள்ளூர ஒரே ஒரு குறைதான். இந்தத் தமிழ்நாட்டில் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். பிடிக்காத சம்பந்திக்கும் சொல்வார்கள், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கும் சொல்வார்கள். சாவுக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. அதுகூடப் பரவாயில்லை. அது வந்துபோன வீட்டில், மற்றவர்களுக்குச் சொல்லும் 'வாங்க'வும் நின்றுபோகிறது. துக்கத்துக்கு வருகிறவர்களை யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. போகிறவர்களும் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்வதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சாவு மறுபடியும் வந்துவிடும் என்று ஒரு பயம்.

"அப்படி ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போயிருக்கேன்?" என்று அது தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும். பதில் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது. சாவுக்குத் தனிமையாக இருந்தது. எல்லோரையும் ஒருநாள் சந்திக்கிற அதற்கு, இரண்டாவது தடவை சந்திக்க ஒருவர்கூட இல்லை.

அந்த ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடைத்தெரு வழியாகப் போக வேண்டும். ஒரு மத்தியானம் வெயிலில் சாவு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தெருவின் நடுவில் நாலு மாடியில் ஒரு ஜவுளிக்கடை. அதன் வாசலில் பட்டுச்சேலை கட்டி, கை கூப்பியபடி ஒரு பெண் பொம்மை. பொம்மைக்குப் பக்கத்தில் கடைப்பெயர் தைத்த சட்டை போட்ட ஒரு மனிதர் நின்றார்.

"வாங்கண்ணே, வாங்க!" என்றார் அவர்.

சாவு திரும்பிப் பின்னால் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை.

"உங்களைத்தாண்ணே! வெயில்ல என்னத்துக்கு நிக்கிறீங்க? பை வேற காலியா வச்சிருக்கீங்க. உள்ள வாங்க, ரொப்பி அனுப்பிருவோம். எடுக்கலேன்னாலும் பரவால்ல, சும்மா வந்து பாத்துட்டுப் போங்க. வாங்க!"

சாவுக்குக் கை கால் ஓடவில்லை. உலகம் தோன்றிய நாளிலிருந்து கேட்காத சொல். அதுவும் சிரித்த முகத்தோடு, ஒன்றுக்கு நாலு தடவை. தலையை ஆட்டிவிட்டு, வேகமாக நடந்து ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது. அன்று அங்கே அதன் கை பட்டவர்களுக்கு வலியே தெரியவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே அதே வழியாக வந்தது. அந்த மனிதர் யாரோ ஒரு குடும்பத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சாவு பொம்மைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றது.

"ரொம்ப உச்சி குளிர்ந்துபோகாதே," என்றது பொம்மை, கூப்பிய கையைப் பிரிக்காமலே. "அவன் சம்பளத்துக்குச் சொல்றது. காலையில ஒரு மாடு வந்துச்சு. அதையும் வாங்கன்னுதான் சொன்னான்."

"உனக்கு என்னைத் தெரியுதா?"

"உசுரில்லாததுக்கு உன்னைத் தெரியாதா? உன்கிட்ட பறிகொடுக்க எனக்கு ஒண்ணும் இல்ல. அதனால பயமும் இல்ல. உனக்கு அந்த வார்த்தைதானே வேணும்? நான் சொல்றேன், கேட்டுக்கோ. வாங்க, வாங்க, வாங்க. போதுமா?"

சாவு கொஞ்சம் யோசித்தது. "போதாது," என்றது. "பறிகொடுக்க ஏதாவது வச்சிருக்கிறவங்க சொல்லணும்."

"அப்ப அவன்கிட்டயும் பெரிசா எதிர்பார்க்காதே. அவனுக்கும் ஒருத்தரும் கிடையாது. பேரு குருவையா. பகல் முழுக்க ஊரையே வாங்க வாங்கன்னு கூப்பிடுவான். கடை சாத்தினா வாயைத் திறக்க மாட்டான். பொட்டலம் வாங்கிக்கிட்டு ஒத்த ரூமுக்குப் போயிருவான். அவனை யாரும் எந்த விசேஷத்துக்கும் வாங்கன்னு கூப்பிட்டு நான் பார்த்ததில்ல."

அதைக் கேட்டபிறகு சாவுக்கு அந்தக் கடைவாசல் இன்னும் நெருக்கமாகிப்போனது. நாள் தவறாமல் வந்தது. நாள் தவறாமல் குருவையா கூப்பிட்டார். அது சம்பளத்துக்குச் சொல்கிற 'வாங்க'தான் என்று அதற்கும் தெரியும். தாகத்தில் இருக்கிறவர் தண்ணீரை யார் ஊற்றினார்கள் என்று பார்ப்பதில்லை. சிலநாள் கடையைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வந்து, இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு போகும்.

ஒருநாள் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லாத மத்தியான வேளை. குருவையாவே பேச்சை ஆரம்பித்தார்.

"ஏண்ணே, தெனமும் வர்றீங்க. ஒருநாளும் உள்ள வந்ததில்ல. யாரு வீட்டுக்குத்தான் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு," என்றது சாவு.

"அடடா. சொந்தக்காரங்க யாரும் படுத்திருக்காங்களா?"

"ஒருவகையில எல்லாரும் சொந்தந்தான்."

குருவையாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொல்லி ஒன்றைச் சாவின் கையில் கொடுத்தார். யாரும் கொடுத்து வாங்கிக் குடித்த பழக்கம் சாவுக்குக் கிடையாது. கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டது. குருவையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார், பிறகு சிரித்தார்.

"நீங்க மனுசங்களை நல்லாக் கூப்பிடுறீங்க," என்றது சாவு. "கேக்கவே இதமா இருக்கு."

அவ்வளவுதான், குருவையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வாயாலதாண்ணே நான் கெட்டேன்," என்றார். "எங்க அண்ணன் செத்த அன்னைக்கு வாசல்ல நான்தான் நின்னேன். அழுது அழுது புத்தி மரத்துப்போச்சு. ஆளுக வர ஆரம்பிச்சாங்க. கடைவாசல்ல பழகின வாய் சும்மா இருக்குமா? கையைக் கூப்பி, 'வாங்கக்கா வாங்க, உள்ள வாங்க'ன்னுட்டேன். பல்லைக் காட்டிச் சிரிச்சிருக்கேன் போல. அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் அப்படியே நிப்பாட்டிட்டாங்க. எழவு வீட்டுல யாராச்சும் வாங்கன்னு கூப்பிடுவாங்களா?"

சாவு காலி கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தது.

"அத்தோட போயிருந்தாலும் பரவால்ல. பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள எங்க மதினியும் போயிருச்சு. நல்லாத்தாண்ணே இருந்துச்சு. நான் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கிடாம அவங்க வீட்டுலயே கெடந்தவன். ஒருநாள் முகம் சுளிச்சதில்ல. பெத்த பிள்ளைக்கு முந்தி எனக்குச் சோறு வைக்கும். அந்த மதினியத்தான் நான்..." அவர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் மகன் சுருளி, நான் தூக்கி வளர்த்த பய, நடுவீட்டுல வச்சுக் கேட்டான். 'சித்தப்பா, உங்க வாயாலதான் எங்கம்மா போச்சு. இனிமே இந்த வாசலை மிதிக்காதீங்க'ன்னான். அவன் கேட்டதுல தப்பு இல்ல. நான் கூப்பிட்டுத்தாண்ணே வந்துச்சு."

"எது?"

"சாவு."

டீக்கடையில் பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாவு தன் மஞ்சப்பையைக் குனிந்து பார்த்தது. அந்த வீடு அதற்கு நினைவிருந்தது. எல்லா வீடும் அதற்கு நினைவிருக்கும். இந்த மனிதர் சுமப்பது வெறும் காற்று என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் பக்கத்தில் காலி கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

பொம்மை அதன் மனசைப் படித்துவிட்டது.

"சொல்லித் தொலைக்காதே," என்று சாவுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தது. "நீ யாருன்னு தெரிஞ்சா நாளைக்கு அவன் வாய் திறக்குமா? உனக்குக் கிடைச்சது ஒரே ஒரு வாசல். அதையும் நீயே மூடிக்கப்போறியா?"

"சொல்லலேன்னா?" என்று சாவும் முணுமுணுத்தது.

"சொல்லலேன்னா என்ன? அவன் இப்படியே இருப்பான். நீ தெனமும் வரலாம். ரெண்டு பேருக்கும் ஒரு பொழுதுபோக்கு."

பொம்மை சொன்னதில் பிசகு இல்லை. சாவுக்கு அந்த வாசலை விட மனசே வரவில்லை. இன்னும் ஒரு மாசம் கேட்டுக்கொள்ளலாம், ஒரு வருஷம்கூடக் கேட்டுக்கொள்ளலாம், அப்புறம் சொன்னால் போதாதா என்று பார்த்தது. ஆனால் குருவையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவில் போன ஒரு பெண்ணைப் பார்த்து, "வாங்கக்கா, வாங்க" என்றார். அந்தக் குரல் உடைந்திருந்தது. இவ்வளவு நாளும் இந்த மனிதர் ஒவ்வொரு தடவை வாங்க என்று சொன்னபோதும் தன் மதினியை நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார் என்பது சாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதைத்தான் அது இதமாக இருக்கிறது என்று நின்று கேட்டிருக்கிறது. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குருவையா," என்றது. "நீங்க கூப்பிட்டு அது வரல."

"ஆறுதலுக்குச் சொல்றீங்கண்ணே."

"ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. உங்க மதினி உங்களுக்குச் சோறு வச்சிட்டு அடுப்படியில சுவர்ல சாஞ்சு உக்காந்துக்கும். வலது கையை நெஞ்சுல வச்சிக்கிட்டு. உங்க அண்ணன் நல்லா இருந்த காலத்துலயே அது அப்படித்தான் உக்காந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல."

குருவையா கிளாஸைக் கீழே வைத்தார். "ஆமா. கேட்டா, அடுப்புப் புகைன்னு சொல்லும்." பிறகு மெல்ல, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சாவு தெருவின் கோடியில் தெரிந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தது. குருவையாவும் அதைப் பார்த்தார். பிறகு அந்த வெளுத்த சட்டையை, காலிப் பையை, டீயை ஒரே மடக்கில் குடித்த வாயைப் பார்த்தார். அவர் முதுகு தானாகக் கடைச்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"நீங்க..."

"நான்தான்," என்றது சாவு. "பயப்படாதீங்க, உங்களைத் தேடி வரல. இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிர்றேன். ஒரு வீட்டுல என் வேலை முடிஞ்சா நான் அங்க நிக்கிறதில்ல. அழுகை ஆரம்பிக்கிறதுக்குள்ள தெருவைத் தாண்டிருவேன். அன்னைக்கு நீங்க கூப்பிட்டது என் காதுல விழவே இல்ல. விழுந்திருந்தா மறந்திருப்பேனா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே தெனமும் உங்க கடைவாசல்ல வந்து நிக்கிறேன். என் ஆயுசுல முதமுதலா அதைக் கேட்டது இந்த இடத்துலதான்."

குருவையா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் தேம்பி அழுதார். வெகுநேரம் கழித்து, "அப்ப மதினிக்கு வலின்னு நான் கவனிக்கலையே," என்றார்.

"அதுக்கு அழலாம்," என்றது சாவு. "அதுல அர்த்தம் இருக்கு. கூப்பிட்டதுக்கு இனிமே அழ வேண்டாம்."

"சுருளிகிட்ட போய் நான் என்னன்னு சொல்ல? சாவே வந்து சொல்லிச்சுன்னா நம்புவானா?"

"நம்ப மாட்டான்."

அதைச் சொல்லிவிட்டுச் சாவு கிளாஸை டீக்கடைப் பலகையில் வைத்தது. போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்ள அதற்கும் ஆசைதான். அது அப்படிச் சொன்னால் கேட்கிறவர் கதி என்ன ஆவது? சத்தமில்லாமல் நடந்தது.

மறுநாள் சாவு ஊர் எல்லையில் வெகுநேரம் நின்றது. ஆஸ்பத்திரிக்கு மார்க்கெட் சந்து வழியாகவும் போகலாம், சுற்றுதான். அந்த மனிதரைச் சங்கடப்படுத்தாமல் அப்படியே போய்விடலாம் என்று இரண்டடி வைத்தது. முடியவில்லை. கூப்பிடாவிட்டாலும் அந்த வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டாவது போகலாம் என்று கடைத்தெருவுக்குள் நுழைந்தது.

"வாங்கக்கா, வாங்க! தம்பி, வாங்க!" குருவையாவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. குரலில் நேற்றைய உடைசல் இல்லை. சாவு கூட்டத்துக்குள் புகுந்து வந்தது. கடையை நெருங்கியபோது குருவையா அதைப் பார்த்துவிட்டார்.

குரல் சட்டென்று நின்றது. பாதி திறந்த வாய் அப்படியே இருந்தது. கூப்பிய கை கீழே இறங்கிவிட்டது.

"என்னய்யா குருவையா, வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று கடைக்குள்ளிருந்து மேனேஜர் சத்தம் போட்டார். "ஆளுக போயிட்டே இருக்காங்க பாரு, கூப்பிடுய்யா!"

குருவையா அசையவில்லை. வாய் திறக்கப் பார்த்தது, உதடுதான் நடுங்கியது. தெருவில் போகிற மாட்டையும் கூப்பிடுகிற வாய்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது பொம்மை.

"சொன்னே," என்றது சாவு.

அதற்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த முகத்தில் நேற்றுவரை இருந்த பாரம் இல்லை, அது போதும் என்று நினைத்துக்கொண்டது. போதவில்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டது. தலையைத் தாழ்த்தி, கடையைத் தாண்டி நடந்தது. டீக்கடையைத் தாண்டியது. பாத்திரக்கடையைத் தாண்டியது. தெருச் சத்தமெல்லாம் அதற்கு எங்கேயோ கேட்டது.

"அண்ணே."

சாவு நின்றது. அது கடைக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை. வீட்டில் பேசுகிற சின்னக் குரல். திரும்பிப் பார்த்தது.

குருவையா கடைவாசலை விட்டு இறங்கி, பாத்திரக்கடை வரைக்கும் பின்னாலேயே வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். பொம்மை கும்பிடுவதுபோல் அது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, விரலெல்லாம் ஆடியது.

"எப்படியும் ஒருநாள் நம்ம ரூமுக்கும் வருவீங்க," என்றார். "வேற யாரும் வர்றதில்ல. வாங்கண்ணே... ஆனா, அவசரமில்ல. மெதுவா வாங்க."

சாவு அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தது.

எந்தத் தெருவிலும் யாருக்காகவும் வேகத்தைக் குறைத்தறியாத சாவு, அன்று ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தது. வெயில் சாய்ந்து, பூக்காரர்கள் கூடையோடு வந்து உட்கார்ந்தபோதும் அது தெருவைக் கடந்து முடித்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், அது போய்ச் சேர வேண்டியிருந்த கட்டிலில், மகள் உரித்துக் கொடுத்த ஆரஞ்சை ஒருவர் சுளை சுளையாக, கடைசிச் சுளை வரைக்கும் தின்று முடித்தார்.